மலைப் பாதை பிக்கப்புக்கு எந்த டிஃபரன்ஷியல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"ஃபோர் வீல் போட்டும் வண்டி ஏறலை, லாக்கர் போட்டுடலாமா?" கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை என மலைத் தோட்டங்களுக்குப் பிக்கப் ஓட்டுகிறவர்கள் மழை தொடங்கியதும் கேட்கும் கேள்வி இது. டிஃபரன்ஷியல் என்பது அச்சின் நடுவில் இருந்து இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி. லாக்கர் அந்த இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டுவது. பதிலாக அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பிராண்டின் பெயர். சில இடங்களில், "ஸ்டார் பினியனை வெல்டு வச்சுடலாம், செலவே இல்லை" என்ற யோசனையும் வருகிறது (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்களை வெல்டு வைத்து அசையாமல் செய்வது). முதல் பதிலால் பணம் வீணாகலாம். இரண்டாவது உயிருக்கே உலை வைக்கும். உங்கள் வாகனப் பக்கத்தைப் படிக்கும் மலைப்பகுதி வாசகர்களுக்காக இதை விவரமாக எழுதுகிறோம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் பாதையில் வண்டி நிற்கும்போது, சுற்றுகிற சக்கரம் தரையைத் தொட்டபடி வழுக்குகிறதா, தரையை விட்டே தூக்கிக்கொண்டு அந்தரத்தில் சுற்றுகிறதா? தேர்வு முழுவதும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

கம்பெனியில் இருந்து வரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். வேகம்தான் பக்கத்துக்குப் பக்கம் மாறும். அதனால் சேற்றில் நிற்கும் சக்கரம் எவ்வளவு விசை தாங்குகிறதோ, கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் போய்ச் சேரும். ஃபோர் வீல் போடும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்படுகின்றன. ஆனால் ஒவ்வொரு அச்சுக்குள்ளும் இடது, வலது பங்கீடு பழையபடியேதான். முன்னால் ஒரு சக்கரமும் அதற்குக் குறுக்கே பின்னால் ஒரு சக்கரமும் பிடிப்பிழந்தால் ஃபோர் வீல் வண்டியும் அப்படியே நின்றுவிடும்.

சுமாராக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சுமையோடு 2,400 கிலோ எடையுள்ள பிக்கப். முன் அச்சில் 1,000 கிலோ, பின் அச்சில் 1,400 கிலோ. ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றம். ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 470 கிலோ இழுவிசை வேண்டும். சேற்றில் உருள்வதற்கான தடை 120 கிலோ என்று வைத்தால் மொத்தம் 590. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஓடையோரத்துச் செம்மண் சேற்றில், பிடிப்பு 0.2, அதாவது சக்கரம் சுமக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இழுவிசையாகும். வலது பக்கம் கெட்டியான சரளை, பிடிப்பு 0.6. சாதாரண டிஃபரன்ஷியலில் பின் அச்சு தருவது இருமுறை 140, அதாவது 280. முன் அச்சு இருமுறை 100, அதாவது 200. ஆகமொத்தம் 480. வண்டி ஏறாது.

இதே வண்டியின் பின் அச்சில் பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் (உராய்வுத் தட்டுகளால் நல்ல பக்கத்துக்குக் கூடுதல் விசை அனுப்பும் டிஃபரன்ஷியல்) இருந்து, அது நல்ல பக்கத்துக்கு இரண்டு மடங்கு விசை அனுப்பினால், பின்னால் 140 கூட்டல் 280, அதாவது 420. முன் அச்சோடு சேர்த்து 620. திணறியபடி ஏறும். மூன்று மடங்கு அனுப்பும் ஹெலிகல் கியர் வகை (சாய்ந்த பல் கியர்களின் உரசலால் அதே வேலையைச் செய்வது) இருந்தால் 140 கூட்டல் 420, முன்னால் 200, ஆக 760. முழு லாக்கர் போட்டாலும் இந்தத் தரையில் அதே 760தான் வரும், ஏனென்றால் 700 கிலோ சுமக்கும் வலது சக்கரத்தின் பிடிப்பு எல்லையே 420தான். சக்கரங்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை, லாக்கர் செய்யும் வேலையை நல்ல ஹெலிகல் யூனிட்டும் செய்துவிடுகிறது. ஓட்டுநர் எந்தச் சுவிட்சையும் தொட வேண்டியதில்லை.

இடது பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் கதை வேறு. அந்தச் சக்கரம் தாங்கும் விசை பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே. ஹெலிகல் வகை கிட்டத்தட்ட சாதாரண டிஃபரன்ஷியலாகவே ஆகிவிடும். பிளேட் வகையில் ஸ்பிரிங் அழுத்தத்தால் கொஞ்சம் விசை போகும், ஏற்றத்துக்கு அது போதாது. அங்கே லாக்கர்தான் வேலை செய்யும்.

பிக்கப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னால் இருப்பது பாரம் தாங்குவதற்கான கெட்டிப் பட்டை ஸ்பிரிங். சுமையில்லாத வண்டியில் அது வளைந்தே கொடுக்காது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். அதே வண்டி முக்கால் டன் காப்பிக்கொட்டையோ வாழைத்தாரோ ஏற்றி வரும்போது ஸ்பிரிங் அமுங்கி நான்கு சக்கரமும் தரையில் பதியும். பெரும்பாலும் சுமையோடு ஏறி இறங்கும் வண்டியையும், காலியாக ஏறிச் சுமையோடு இறங்கும் வண்டியையும் ஒன்றாக நினைத்து ஒரே பொருளைப் பரிந்துரைப்பது தவறு.

வகைகளைப் பார்ப்போம். பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் விலை குறைவு, பழுதுபார்க்கலாம், ஆனால் தேயும். அதற்கு ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெயோடு லிமிடெட் ஸ்லிப்புக்கான உராய்வு மாற்றி என்ற சேர்மானத்தைக் கலக்க வேண்டும். வழக்கமான அளவு 100 முதல் 120 மில்லி. கலக்காவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும். அளவுக்கு மேல் கலந்தால் பிளேட் வழுக்கி, பொருத்தியதன் பயனே போய்விடும். ஸ்டெப்னி டயர் மற்றதை விடச் சிறியதாக இருக்கும் வண்டிகளில் அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட்டினால் பிளேட்டுகள் ஓயாமல் தேய்ந்து ஆயுள் குறையும்.

ஹெலிகல் கியர் வகையில் தேய்கிற பிளேட் கிடையாது. டார்சன், ஈட்டனின் ட்ரூட்ராக் எல்லாம் இந்தக் குடும்பம். பக்க விசையால் கியர்கள் கேஸின் (கியர்களை மூடிய கூட்டின்) சுவரில் உரசுவதே இதன் வேலை. அதனால் உராய்வு மாற்றி ஊற்றவே கூடாது. ட்ரூட்ராக்குக்குச் செயற்கை எண்ணெயும் வேண்டாம், சாதாரண மினரல் ஜிஎல்-5தான் போட வேண்டும் என்று ஈட்டனே சொல்கிறது. "விலை அதிகமான எண்ணெய் ஊற்றினேன், ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. ஒரு சக்கரம் தூக்கிய நிலையில் ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு பிரேக்கை லேசாக மிதித்தால், சுற்றும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு தடை கிடைக்கும். அதன் மூன்று மடங்கு மறுபக்கம் போகும். பின் சக்கரத்தில் இயங்கும் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்தாலும் இதே பலன். சில மீட்டர் தாண்டுவதற்கான உபாயம் இது, தொடர்ந்து செய்தால் பிரேக் டிரம் காய்ந்துவிடும்.

தானாகப் பூட்டும் லாக்கரில் இரண்டு ரகம். ஈட்டனின் எம்லாக்கர் இடது, வலது சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டும்போது பூட்டிக்கொள்ளும். வண்டி மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் பூட்டாது. 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் சில ரகங்களில் பின் அச்சில் இருப்பது இந்த இனம்தான். இதை ஓட்டத் தெரிய வேண்டும். பயந்து பயந்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 100 சுற்று வித்தியாசமே வராது, பூட்டும் வராது. ஆத்திரத்தில் அழுத்தினால் வேகமாகச் சுற்றும்போது பூட்டி, டம்மென்று அடி ஆக்ஸிலில் விழும். ஒரே சீராக அழுத்திப் பிடித்து, பூட்டு விழும் வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொரு ரகம் ராட்செட் லாக்கர். ஸ்டார் பினியனையும் சைடு கியரையும் எடுத்துவிட்டு, இருக்கிற கேஸுக்குள்ளேயே போடும் சிறிய ரகங்களும் இதில் கிடைக்கின்றன. கிரவுன் வீலை (கேஸைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரத்தை) கழற்றி அளவு வைக்கும் வேலை பெரும்பாலும் இல்லை என்பதால் கூலி குறைவு. ஆனால் இவை எப்போதும் பூட்டிய நிலையில்தான் இருக்கும், திருப்பத்தில் மட்டும் வெளிச்சக்கரத்தை விட்டுக்கொடுக்கும். கொண்டை ஊசி வளைவில் விசையோடு ஏறும்போது உள்சக்கரம் ஒன்றே வண்டியைத் தள்ளும். நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டால் சட்டென்று பிடி மாறும், பின்பக்கம் ஒரு உலுக்கு உலுக்கும். ஈரத் தாரில், சுமையில்லாத பிக்கப்பில், அந்த உலுக்கு வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும். சமவெளியிலும் தனித் தோட்டத்துக்குள்ளும் ஓடும் வண்டிக்கு இது சரி. தினமும் மலைச்சாலை ஏறி இறங்கும் வண்டிக்கு எங்கள் சிபாரிசு இல்லை.

ஓட்டுநர் தேவைப்படும்போது போட்டு, வேலை முடிந்ததும் எடுக்கும் லாக்கர் காற்றிலோ மின்சாரத்திலோ இயங்கும். காற்றில் ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி பரவலாகத் தெரிந்த பெயர், மின்சாரத்தில் ஈட்டனின் ஈலாக்கர். 2022-இல் இங்கே விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பின் அச்சுக்கு மின்சார லாக் கம்பெனியிலேயே வருகிறது. எடுத்து வைத்தால் சாதாரண டிஃபரன்ஷியல், போட்டால் நூறு சதவீதப் பூட்டு. சாலையில் எந்தத் தொந்தரவும் கிடையாது. சக்கரம் தூக்கும் பாதையில் ஓடும் பிக்கப்புக்கு இதுவே சரியான பொருள்.

இனி வெல்டிங். இதைப் பற்றி அழுத்தமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஸ்டார் பினியனை வெல்டு வைத்தால் இரண்டு பின் சக்கரமும் ஒரே கம்பியில் கோத்ததுபோல் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒரு கொண்டை ஊசி வளைவை அரைவட்டமாகக் கொண்டால், வளைவு சிறிதோ பெரிதோ, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகமாகக் கடக்கும் தூரம், இரு சக்கர இடைவெளியைப் பையால் (π, சுமார் 3.14) பெருக்கியது. இடைவெளி ஒன்றரை மீட்டர் என்றால் 4.7 மீட்டர். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை ஏறினாலே சுமார் 330 மீட்டர் தூரத்துக்கு டயர் உருளாமல் தேய்ந்தே தீர வேண்டும். டயர் போவது சிறிய நஷ்டம். அந்தத் தேய்ப்பு முழுவதையும் ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்காக வாங்குகிறது, ஒவ்வொரு வளைவிலும், சுமையோடு. பல பிக்கப்புகளில் இருப்பது செமி ஃப்ளோட்டிங் அச்சு. அதில் ஷாஃப்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. ஹப் பக்கம் அது முறிந்தால் சக்கரம் ஷாஃப்ட் துண்டோடு கழன்று வெளியே வந்துவிடும். போதாததற்கு, கடினப்படுத்திய கியர் இரும்பில் வைக்கும் வெல்டு உடனே நொறுங்குந்தன்மை அடையும். ஒரு நாள் தெறித்து, துண்டு கிரவுன் பினியனுக்குள் விழுந்தால் ஓடும் வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு நிற்கும். இறக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆட்கள் பின்னால் ஏறிப் போகும் வண்டிகள் இவை. தயவுசெய்து வெல்டு வைக்காதீர்கள், வைத்துக் கொடுக்கவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நல்ல லாக்கருக்கும் மலையில் ஓர் ஆபத்து உண்டு. சுற்றும் டயருக்கு முன்னோக்கிய பிடிப்போடு பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றொன்று அசையாமல் நின்று வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், பிடித்து வைக்க ஆளில்லை. பாதை பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருந்தால் வண்டியின் பின்பகுதி அந்தப் பக்கமே சரியும். ஈரமான களிமண்ணில், வெளிப்பக்கச் சரிவுள்ள பாதையில், லாக் போடாமல் மெதுவாகப் போவதே பாதுகாப்பு. நின்றுவிட்டால் வின்ச்சோ கயிறோ போட்டு இழுங்கள். ஹெலிகல் வகை இங்கே சற்றுத் தேவலாம், இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடுவதில்லை. லாக் போட்டபடி இறக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே தள்ளும். இது தெரியாத ஓட்டுநரிடம் லாக்கர் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

முன் அச்சைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பின் அச்சு. முன்னால் லாக் போட்டால் ஸ்டியரிங் இறுகும், தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சிவி ஜாயின்ட் (திரும்பும் முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் மூட்டு) முறிவதும் அப்போதுதான். தோட்ட வேலைக்கு முன்னால் சாதாரண டிஃபரன்ஷியலே போதும், பணமிருந்தால் ஹெலிகல். பிரேக்கை வைத்துச் சுற்றும் சக்கரத்தைத் தடுக்கும் எலக்ட்ரானிக் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வண்டியில் இருந்தால் முன் அச்சை அதன் பொறுப்பில் விட்டுவிடலாம். அதுவும் சக்கரம் சிறிது சுற்றிய பிறகுதான் வேலை செய்யும், நீண்ட சேற்றுப் பாதையில் பிரேக் சூடாகி இடையில் நின்றுவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் டயரைப் பாருங்கள். தேய்ந்த டயரோடு லாக்கர் போடுவது, ஒரு சக்கரம் வழுக்கிய இடத்தில் இரண்டு சக்கரம் வழுக்க ஏற்பாடு செய்வதுதான். லாக்கர், கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்தால் நல்ல ஆல் டெரெயின் டயர் நான்கின் விலையைப் பெரும்பாலும் தாண்டும். முதல் செலவு டயருக்கு. காலி வண்டியில் 35 பிஎஸ்ஐ இருக்கும் காற்றைச் சேற்றுப் பாதைக்கு 20, 22 என இறக்கினாலே பல ஏற்றங்கள் சுலபமாகும். சுமையேற்றிய பின் டயரில் அவ்வளவு இறக்கக் கூடாது, பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி காற்று ஏற்ற வேண்டும்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் பட்டறையிலேயே பார்த்துவிடலாம். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தேய்ந்துபோன பிளேட் வகை, அல்லது ஹெலிகல் வகை, அல்லது எம்லாக்கர் போல இன்னும் பூட்டாத லாக்கர். சுற்றவே விடாமல் இறுக்கினால் உயிரோடிருக்கும் பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் அல்லது பூட்டிய லாக்கர்.

பொருளை ஆர்டர் செய்யுமுன் மூன்று அளவு கையில் இருக்க வேண்டும். ஆக்ஸில் ஷாஃப்டின் ஸ்ப்லைன் (முனையில் உள்ள நீளப் பற்கள்) எண்ணிக்கை, கிரவுன் வீலின் விட்டம், கிரவுன் பினியன் விகிதம். விகிதத்தைக் காண, மேற்சொன்னபடி தூக்கிய வண்டியை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மறுசக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து அச்சுக்கு வரும் நீள ஷாஃப்ட்) சுற்றும் எண்ணிக்கையே விகிதம். நான்கும் கொஞ்சமும் என்றால் 4.1 போன்ற ஏதோ ஒன்று, பல் எண்ணி உறுதி செய்யலாம். சில அச்சுகளில் விகிதம் மாறினால் கேஸே வேறு. வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாத பெட்டி வந்து சேரும். பொலேரோ கேம்பர் ஃபோர் வீல், டாடா யோதா, வி-கிராஸ் என்று எல்லா அச்சுக்கும் எல்லா வகையும் கிடைத்துவிடாது. உங்கள் ஸ்ப்லைனுக்கு ஹெலிகல் மட்டுமே கிடைக்கிறது என்றால் அதுவே போதுமா என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டு முடிவெடுங்கள்.

பொருத்தும் வேலை பொருளை விட முக்கியம். கேஸைக் கழற்றுமுன் கிரவுன் வீலின் பேக்லாஷை (பற்களுக்கு இடையிலான தளர்வை) டயல் கேஜில் நான்கு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். பழைய கிரவுன் பினியனையே திரும்பப் போடும்போது அதே அளவுக்கு வர வேண்டும். பொதுவாக 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர், சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். குறைந்தால் ஊளைச் சத்தத்தோடு சூடேறி பல் உரியும். கூடினால் கியர் மாற்றும்போதெல்லாம் டக்கென்று அடித்து ஒரு நாள் பல் உடையும். பேரிங் கேப்பில் இடது, வலது, மேல், கீழ் எனப் புள்ளிக் குறி போடுங்கள், அவை ஜோடியாகக் கடைந்தவை, மாறக் கூடாது. கிரவுன் வீல் போல்ட் புதிதாக, மரையில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, எதிர்எதிராக டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். நியூமேட்டிக் கன்னில் முறுக்கிவிட்டு "டைட்டாகிவிட்டது" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். கடைசியில் பிரஷ்யன் புளூ (நீல மசி) தடவிப் பற்கள் படும் பதிவு பாருங்கள். பல்லின் நடுவில் விழ வேண்டும், நுனியிலோ அடியிலோ விழுந்தால் மறுபடி ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்ற வேண்டும்.

காற்று லாக்கருக்கு ஹவுசிங்கில் (அச்சின் வெளிக்கூட்டில்) துளையிட்டு மரை போட வேண்டியிருக்கும். டிரில் முனையிலும் டேப்பிலும் கிரீஸ் தடவி, இரும்புப் பிசிறு உள்ளே விழாமல் எடுங்கள், முடிந்ததும் ஹவுசிங்கைக் கழுவுங்கள். காற்றுக் குழாய் சைலன்சர் பக்கம் போகவே கூடாது. அச்சு மேலும் கீழும் முழுதாக ஆடும் அளவுக்குத் தளர்வு வேண்டும். லாக் போடும்போதெல்லாம் பிரீதர் (ஹவுசிங் மூச்சுவிடும் காற்றுத் துளை) வழியாக எண்ணெய் துப்பினால், உள்ளே ஓ-ரிங் சீல் போய்க் காற்று ஹவுசிங்குக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கம்ப்ரஸர் அடிக்கடி ஓடத் தொடங்குவதும் இதே நோயின் அறிகுறிதான். மின்சார லாக்கரில் பெரும்பாலான கோளாறு காயிலில் இருக்காது, கனெக்டரில் தண்ணீர், எர்த்தில் துரு. மோட்டார் வைத்து நகர்த்தும் பழைய டொயோட்டா வகைகள் மாதக்கணக்கில் போடாமலே விட்டால் இறுகிவிடும். மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டு எடுத்துவிடுங்கள்.

புதிய யூனிட் போட்ட பிறகு முதல் 25, 30 கிலோமீட்டர் சுமையில்லாமல் ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங்கைக் கையால் தொட முடிகிறதா பாருங்கள், பிறகு ஆற விடுங்கள். 1,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றுங்கள். மாற்றும்போது வடிகால் போல்ட்டின் காந்தத்தில் பசை போன்ற நுண்தூள் இருந்தால் இயல்பு, செதில் இருந்தால் உடனே திறக்க வேண்டும். யூனிட் தயாரித்தவர் வேறு சொல்லாதவரை 80டபிள்யூ-90, எப்போதும் பாரத்தோடு மலையேறும் வண்டிக்கு 85டபிள்யூ-140. ஓடை கடந்த பிறகு எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்றுங்கள். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சும். ஒரு ரப்பர் குழாயைப் பிரீதரில் மாட்டி டீசல் மூடி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவது சொற்பச் செலவு. பிரீதர் சேற்றில் அடைத்துக்கொண்டால் உள் அழுத்தம் ஏறி ஆக்ஸில் சீலைத் தள்ளி, எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் வரும்.

லாக்கை எப்போது போடுவது? சக்கரம் சுற்றத் தொடங்குவதற்கு முன், வண்டி நின்றபடியோ ஊர்ந்தபடியோ இருக்கையில். சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் லாக்கரின் பூட்டும் பற்கள் (டாக்) நொறுங்கும். இடம் தாண்டியதும் ஸ்டியரிங்கை நேராக்கி, எடுத்து, விளக்கு அணைகிறதா பார்க்க வேண்டும். அணையாவிட்டால் முறுக்கு உள்ளே நிற்கிறது, ஒரு மீட்டர் பின்னால் வந்தால் விடும். லாக் போட்டதும் பல வண்டிகளில் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆகியவை வேலை செய்யாது. சக்கரம் பாறையில் முட்டி நிற்கும்போது லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து விசை கூடும் ஃபோர் வீல் நிலையில்) அழுத்தாதீர்கள். எஞ்சின் 360 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, அச்சு 4 என்று வைத்துப் பெருக்கினால் 14,400 நியூட்டன் மீட்டர். லாக் போட்ட அச்சில் இதன் பெரும்பகுதி ஒரே ஷாஃப்டில் இறங்க முடியும். பின்னால் வந்து வேறு வழியில் ஏறுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெறும் கொல்லிமலை, ஏற்காடு, கீழ்ப்பழனி வண்டிகளுக்கு அக்டோபருக்குள்ளும், தென்மேற்குப் பருவமழை கொட்டும் வால்பாறை, கூடலூர் வண்டிகளுக்கு மே மாதத்துக்குள்ளும் இந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிக்கப் வண்டிகளை ஒப்பிட்டு நீங்கள் வெளியிடும் அட்டவணையில் குதிரைத்திறன், மைலேஜ், சுமைத்திறன் எல்லாம் வருகின்றன. பின் அச்சில் என்ன வகை டிஃபரன்ஷியல், செமி ஃப்ளோட்டிங்கா ஃபுல் ஃப்ளோட்டிங்கா, பின்னாளில் லாக்கர் பொருத்தினால் வாரண்டி நிற்குமா என்ற மூன்று கட்டங்களையும் சேருங்கள். நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். ஃபோர் வீல் சரக்குப் பிக்கப்புகளுக்குப் பின் அச்சு லாக்கைக் கம்பெனியிலேயே விருப்பப் பொருளாகத் தரும்படியும் அவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பகுதி ஃபோர் வீல் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள்,
நாமக்கல் மாவட்டம்.